எட்டு நாற்காலி மேசைக்கு என்ன பூ

கண்ணு,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிவிட்டது. பூவைப் பற்றித் தெரியாமல் நான் பதில் எழுதத் தாமதிக்கவில்லை. உன் கடிதத்தைப் படிக்கப் படிக்க ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அர்த்தம் வருகிறது. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கணக்கு என்றால் விடை ஒன்றுதான் வரவேண்டும். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் காலையில் காபி குடிக்கும்போது ஒரு விடை, துணி காயப்போடும்போது இன்னொரு விடை. ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிப்போகும் என்று உங்கப்பா பேப்பர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டில் ரெண்டாயிரம் பிறக்கும் முன்னாலேயே ஒருத்தி குழம்பியாயிற்று. எஸ்.டி.டி. பூத்தில் போய் நின்று, பின்னால் நாலு பேர் காத்திருக்க, உன் கம்பெனி நம்பரைப் போட்டுக் கேட்கிற விஷயமும் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ எழுதியது இவ்வளவுதான். “அம்மா, வருகிற கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் இவள் பிறந்த வீட்டிலிருந்து ஆறு பேர் முதல்முறையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். எட்டுப் பேர் உட்காருகிற மேசையாக வாங்கிவிட்டேன். நடுவில் பூ வைக்கவேண்டும் என்று இவளுக்கு ஆசை. மல்லிகை வைக்கலாமா? சர்ச்சில் வருஷக்கணக்காகப் பூ வைத்தவள் நீ. இந்த சீசனில் எது கிடைக்கும், எது வாடாது, விவரமாக எழுது. அப்பாவை வெயிலில் அலைய விடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

அவர்கள் ஆறு பேர். நீயும் அவளும் ரெண்டு பேர். ஆறும் ரெண்டும் எட்டு. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. நாங்கள் எங்கே கண்ணு? வரச் சொல்கிறாயா, வேண்டாம் என்கிறாயா? பெற்றவர்களைத் தனியாக அழைக்கவேண்டுமா, வந்துவிட மாட்டார்களா என்று நீ விட்டிருக்கலாம். வீட்டு ஆட்களுக்கு யாராவது பத்திரிகை வைப்பார்களா? இல்லாவிட்டால், விருந்துக்கு அழைத்த வீட்டுக்காரர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில்தானே சாப்பிடுவார்கள், அப்பாவும் அம்மாவும் அந்தக் கணக்கில் நிற்பார்கள், நாற்காலி எதற்கு என்று நினைத்திருக்கலாம். அதுவும் நியாயம்தான். ஆனால் ‘அப்பாவை அலைய விடாதே’ என்ற வரியில் வந்து நான் முட்டிக்கொள்கிறேன். கோயமுத்தூரிலிருந்து பெருந்துறைக்கு பஸ்ஸில் வருவதைத்தான் அலைச்சல் என்கிறாயா? வரவேண்டாம் என்பதை இவ்வளவு நல்ல மனசோடும் எழுத முடியுமா? உங்கப்பாவிடம் காட்டினேன். “அவன் பூவக் கேட்டிருக்கறான், நீ பூதத்தப் பாக்கற” என்று சிரித்தார். சிரித்துவிட்டுக் கடிதத்தை வாங்கி அந்த வரியை அவரும் ரெண்டு தடவை படித்தார்.

உன் மாமனார் வீட்டார் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சென்னிமலையில் தறி போட்டு, ஜமக்காளமும் பெட்ஷீட்டும் நெய்து கௌரவமாகப் பிழைக்கிறவர்கள். சொந்தத்தில் தோட்டம் துரவு உண்டு. அந்த மாதிரித் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள் நாம். நீ அவர்கள் பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாய், ஒரு வருஷம் அவர்கள் உன் வாசலை மிதிக்கவில்லை. இப்போது ஆறு பேராகச் சேர்ந்து, அதுவும் கிறிஸ்துமஸ் அன்றைக்கு, சாப்பிட வருகிறார்கள் என்றால் அது சின்ன விஷயமா? அந்தப் பெண் அழுதுகூட இருப்பாள். என்னை ‘அத்தை’ என்று கூப்பிட்டு நம் வீட்டுச் சட்டியில் கைவிட்டு மீன் எடுத்துத் தின்கிறவள் அவள். அவள் சந்தோஷத்தில் ஒரு துரும்பு விழுவதற்கும் நான் காரணமாக இருக்க மாட்டேன். இதுவும் என் குழப்பத்தில் சேர்த்தி.

சரி, பூவைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டதற்கு முதலில் பதில்.

மல்லிகை வேண்டாம். மார்கழிப் பனியில் அந்தச் செடி சுருண்டு கிடக்கும். மார்க்கெட்டில் இருக்கிற சொற்ப மொட்டும் மலராமலே கறுக்கும். தவிர, மட்டன் குழம்பு வாசத்தோடு மல்லிகை வாசம் சேர்ந்தால் கல்யாண மண்டபத்தில் கை கழுவுகிற இடம்தான் ஞாபகம் வரும். ஊட்டியிலிருந்து பிளாஸ்டிக் காகிதம் சுற்றி வருகிற பூவும் வேண்டாம். பச்சை ஸ்பாஞ்சில் குத்திக் கொடுப்பார்கள், ரெண்டு நாளில் பூ அழுகும், ஸ்பாஞ்சு உன் பேரன் காலம் வரைக்கும் குப்பைமேட்டில் கிடக்கும். சாயம் ஏற்றின பூவைத் தொடவே தொடாதே. சர்ச்சில் ஆல்டர் மேடைப் பூவை முதல்முதலாக என் பொறுப்பில் விட்டபோது ஆசைப்பட்டு நீலச் சாயம் ஏற்றிய சம்பங்கி வாங்கி, வாடாமல் இருக்கட்டும் என்று தண்ணீர் தெளித்தேன். ஆராதனை முடிவதற்குள் வெள்ளைத் துணி முழுக்க நீலம். பாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சம்சாரம் அவர் பங்கையும் சேர்த்து ஒரு மாசம் சொன்னார். அன்றைக்குத் தெளிந்தது புத்தி. அந்தந்த மாசத்தில், அந்தந்த ஊரில், தானாக எது பூக்கிறதோ அதுதான் பூ. மற்றதெல்லாம் வேஷம்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்போது எங்கே பார்த்தாலும் மஞ்சள் காடு. யாராவது தோட்டக்காரரிடம் கேட்டு, தானாகச் சாய்ந்து கிடக்கிற வெளி இலையாகப் பத்து வாங்கிக்கொள். மேசை நடுவில் நீளவாட்டில் பரப்பினால் விரிப்பே வேண்டாம், லேசான வாசம் சோற்றோடு ஒத்துப்போகும். அதன் மேல் டிசம்பர் பூ. ஊதாவும் ரோஸும் வெள்ளையுமாக வேலியோரம் கொட்டிக் கிடக்கும். வாசமே கிடையாது, அதனால் குழம்போடு சண்டைக்கு வராது. நடுநடுவே பூளைப்பூ. அது செடியில் இருக்கும்போதே காய்ந்த மாதிரிதான் இருக்கும், அதனால் வாடுகிற பேச்சே இல்லை, தண்ணீரும் கேட்காது. சிவப்பு வேண்டுமென்றால் கோழிக்கொண்டை ரெண்டு. கம்பங்கதிர் கிடைத்தால் நாலு செருகு. உயரமான ஜாடி வைக்காதே. டபரா, சின்ன சொம்பு போதும். உட்கார்ந்தால் எதிரில் இருக்கிறவர் முகம் தெரியவேண்டும். பூவுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்ள யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது.

பூளையைக் கத்தரித்து எடு, பிடுங்காதே. ஒரு வருஷம் நான் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அத்தனையையும் வேரோடு பிடுங்கி மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன். ஆல்டர் வெள்ளைவெளேர் என்று இருந்தது, எல்லோரும் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அடுத்த மார்கழியில் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பூளை இல்லை, பூராவும் பார்த்தீனியம். ஒரு செடியில் பாதிக்கு மேல் எடுக்காதே. மீதி விதையாகி விழட்டும். விருந்து முடிந்ததும் எல்லாவற்றையும் அள்ளி மண்ணிலேயே போட்டுவிடு.

இதுவரைக்கும் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். படித்ததும் மறுபடி குழப்பம். பூளைப்பூ அவர்களுக்குக் காப்புப் பூ. பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வீட்டுக் கூரை எரவாரத்தில் கட்டுவார்கள். அதை முன்கூட்டியே பறித்து உன் மேசையில் வைத்தால், ‘அட, நம்ம பூ’ என்று மனசு இளகுவார்களா, ‘இதுகளுக்கு எதை எங்கே வைப்பதென்று தெரிகிறதா பார்’ என்பார்களா? அதை விட்டுச் செண்டுமல்லி வைக்கலாம் என்றால் சாவு மாலையிலும் அதுதான் இருக்கிறது. வெள்ளைச் செவ்வந்தி வைத்தால் நம் ஆட்களுக்கே மலர்வளையம் ஞாபகம் வரும். அரளி சாமிக்கு ஆகும், சோற்றுப் பக்கம் ஆகாது, விஷம். நம் ஊரில் எந்தப் பூவும் வெறும் பூவாக இல்லை கண்ணு. இதை உங்கப்பாவிடம் சொன்னால், “பூவுக்கு ஜாதகம் பாக்கற மொத ஆளு நீதான்” என்கிறார். அவருக்கு என்ன, அவர் கேலி செய்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார்.

ஆனால் எனக்கே தெரியும், என்னைக் குழப்புவது பூ இல்லை. நம் வீட்டு மேசைதான்.

நாம் மேசை வாங்கினது நீ பிளஸ் ஒன் படித்த வருஷம். ஆறு நாற்காலி. அந்த வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் பத்தாவது பரீட்சையில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். அவள் அவினாசிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரின் கடைசி மகள். அந்தத் தோட்டத்தில்தான் என்னைப் பெற்ற அய்யா, உன் அப்புச்சி, நாற்பது வருஷம் பண்ணையாளாக இருந்தார். அவர்களை நாங்கள் பண்ணாடி என்றுதான் சொல்வோம், எசமான் என்கிற மாதிரி. அந்த வீட்டு வாசற்படியை நானும் தாண்டினதில்லை, உன் அப்புச்சியும் தாண்டினதில்லை. பண்ணாடியும் அவர் சம்சாரமும் பள்ளிக்கூடத்துக்கு வந்து, “எம்புள்ளைக்குப் படிப்புச் சொல்லிக் குடுத்த டீச்சருங்க நீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில், “கிறிஸ்துமஸுக்கு எங்க ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புடணுங்க” என்று சொல்லிப்போட்டேன். “கண்டிப்பா வாரோமுங்க டீச்சர்” என்றார்கள்.

அப்புச்சி அப்போது நம்மோடுதான் இருந்தார், பின்கட்டு அறையில். விஷயத்தைக் கேட்டதும், அவரே விடிகாலையில் போய் ஒரு துண்டு நிறையப் பூளையும் டிசம்பர் பூவும் கொண்டுவந்தார். நான் மேசையில் பூ வைத்தேன். வைத்துவிட்டு நாற்காலியை எண்ணினேன். பண்ணாடி, அவர் சம்சாரம், அந்தப் பெண், உங்கப்பா, நீ, நான். ஆறுக்கு ஆறு. உன் அப்புச்சி மீதி.

நாற்காலி போதாமல்தான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் நாற்காலி கொடுத்திருப்பார்கள். என் பயம் வேறு. பண்ணாடி என் அய்யாவை ஒருநாளும் ‘டா’ போடாமல் பேசிக் கேட்டதில்லை. பண்ணாடியைவிட அய்யா பத்து வயசு மூத்தவர். எழுபது வயசு ஆளை, என் வீட்டில், என் மேசையில், உன் காதுபட ‘ஏண்டா, நல்லாருக்கறயா’ என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? கேட்டுக்கொண்டு கறி பரிமாறுவேனா? இன்னொரு பயமும் இருந்தது. என் அய்யா உட்கார மாட்டார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பார். அதை அந்தப் பெண், என் மாணவி, பார்ப்பாள். அவரைக் காப்பாற்றத்தான் மறைத்தேனா, அவரால் எனக்கு வெட்கம் வரும் என்று மறைத்தேனா? ஒன்பது வருஷமாக யோசிக்கிறேன், பிரித்துச் சொல்ல வரவில்லை.

“அய்யா, அவிங்க வந்துட்டுப் போறவரைக்கும் பின்னால ரூம்ல இருந்துக்கறீங்களா?” என்று கேட்டேன்.

“அதுக்கென்ன கண்ணு. நானே அதத்தான் சொல்லோணும்னு இருந்தேன்” என்றார். நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

வந்தார்கள். பண்ணாடி நாற்காலியில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தார். நீயும் அங்கேதான் இருந்தாய், உனக்கு ஞாபகம் இருக்கும். “டீச்சர், அய்யனக் காணமுங்களே. எங்கீங்க அவரு?” என்றார்.

‘எங்கீங்க’வில் இருக்கிற ‘ங்க’ எனக்கு. அது என் டீச்சர் வேலைக்குக் கிடைத்தது. ‘அவரு’ என் அய்யாவுக்கு. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் உள்ளே ஓடிப்போய்க் கையைப் பிடித்து அவரைக் கூட்டி வந்திருக்கவேண்டும். அதை விட்டு, “ஊருக்குப் போயிருக்காருங்க” என்றேன். ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த பொய், வாய் திறந்ததும் தானாக வந்து விழுந்துவிட்டது. விழுந்த அந்த நிமிஷமே பின்கட்டில் அப்புச்சி இருமினார். பீடி இருமல், ரெண்டு சுவர் தாண்டிக் கேட்கும். நாற்பது வருஷம் அந்த இருமலைக் கேட்டவர் பண்ணாடி. அவருக்கு அது யார் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

பண்ணாடி பின்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “அப்புடீங்களா. அவரப் பாத்துட்டுப் போலாம்னுதானுங்க வந்தோம்” என்றார். அவர் சம்சாரம், “எனக்கு மார்கழி விரதமுங்க டீச்சர், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க” என்றது. அவர்களுக்கென்று நான் தனிப் பாத்திரத்தில் சைவச் சமையல் செய்து வைத்திருந்தேன். அதையும் தொடவில்லை. அந்தப் பெண் மட்டும் கடையிலிருந்து உங்கப்பா வாங்கி வைத்திருந்த கலர் சோடாவைக் குடித்தாள், மூடி திறக்காத பாட்டிலாகப் பார்த்து. கிளம்பும்போது அந்தம்மா மேசைக்குக் கிட்டே வந்து, “இந்தப் பூவுல ரெண்டு எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டது. நான் தலையை ஆட்டினேன். டிசம்பர் பூவாக நாலு எடுத்து, அங்கேயே நின்று, தலையில் செருகிக்கொண்டு போயிற்று.

இப்போது சொல், அந்தம்மா எங்களை அவமதித்ததா, மதித்ததா? எங்கள் வீட்டுச் சோறு வேண்டாம், பூவுக்குத் தீட்டில்லை என்று எடுத்ததா? இல்லை, ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொள்வதுதானே நம் பெண்களுக்கு உறவு, அந்த உறவோடு எடுத்ததா? சாப்பிடாமல் போனது சாதிக்காகவா, நான் சொன்ன பொய்க்காகவா? பெற்ற தகப்பனையே பின்னால் ஒளித்து வைக்கிற வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அவர்கள் நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் சாப்பிட்டிருப்பார்களோ என்னவோ. சாப்பிட்டிருக்கவே மாட்டார்களோ என்னவோ. தெரிந்துகொள்கிற வழியை நானே அடைத்துப்போட்டேன்.

அவர்கள் படியிறங்கினதும் நீ மேசையை விட்டு எழுந்தாய். தட்டு நிறையச் சோற்றைப் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அப்புச்சியோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு உன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பெருமை வந்தது ரொம்ப நாளைக்கு அப்புறம்.

நீ கை கழுவப் போன பிறகு நான் உள்ளே போனேன். அப்புச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் இருமினது எங்களுக்குக் கேட்டதே தவிர எங்கள் பேச்சு அவருக்குக் கேட்கவில்லை. “பண்ணாடி உங்களக் கேட்டாருங்க அய்யா” என்றேன்.

“என்னன்னு கேட்டாரு?”

“‘எங்கீங்க அவரு’ன்னு.”

“‘எங்க அவன்’னு கேட்டிருப்பாரு.”

“இல்லீங்க அய்யா. ‘அவரு’ன்னுதான் கேட்டாரு.”

“மறுக்காச் சொல்லு கண்ணு.”

மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை. அப்புறம், “நானு கேக்காமப் போச்சே” என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை, குத்திக் காட்டவில்லை. அடுத்த ஆடியில் போய்விட்டார். அவர் ஆயுசில் பண்ணாடி வாயிலிருந்து அந்த ஒரு நாள்தான் ‘அவரு’ வந்தது, அந்த நேரத்தில் அவரைக் கேட்காத இடத்தில் உட்கார வைத்திருந்தவள் அவர் பெற்ற மகள். இதை இதுவரைக்கும் உங்கப்பாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. உனக்குச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போன பையன்தான் இன்றைக்கு எட்டு நாற்காலி மேசை வாங்கியிருக்கிறான். அவன் எங்களை மறந்துவிட்டான் என்று நினைக்க என் மனசு வரவில்லை. ஆனால் நானும்தான் என் அய்யாவை மறக்கவில்லையே கண்ணு. அவர் மேல் உயிராகத்தான் இருந்தேன். உயிராக இருந்துகொண்டேதான் அதைச் செய்தேன். அதனால் ‘என் மகன் அப்படிச் செய்ய மாட்டான்’ என்று சொல்லிக்கொள்வது எனக்குத் தைரியம் தரவில்லை.

நேற்று உங்கப்பா ஒரு யோசனை சொன்னார். “பையனுக்கு எதுக்குச் சங்கடம்? எனக்கு முட்டி வலி, வரமுடியாதுன்னு எழுதிப்போடு. வரச் சொல்லியிருந்தான்னா வருத்தப்படுவான், சொல்லலைன்னா நிம்மதியா மூச்சு உட்டுக்குவான். ரெண்டுல எதுன்னாலும் நமக்குத் தெரிய வேண்டியதில்ல” என்றார். நல்ல மனுஷன், நல்ல யோசனை. அப்படியே எழுதினேன். பூ விவரமெல்லாம் எழுதி, கடைசியில் முட்டி வலியையும் எழுதி, கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போனேன். போடக் கை வரவில்லை, திரும்பி வந்து கிழித்தேன். நீ படிப்பது ரெண்டாவது கடிதம்.

ஏன் கிழித்தேன் என்று சொல்கிறேன், இந்த ஒன்றில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை. உன் அப்புச்சி அன்றைக்கு எனக்குச் சுலபமாக்கிக் கொடுத்தார். நான் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டார். ‘எம்மக ஊடு, நானு இங்கதான் உக்காருவேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் கத்தியிருப்பேனோ, அழுதிருப்பேனோ, இல்லை வெட்கப்பட்டு ஏழாவது நாற்காலிக்கு ஓடியிருப்பேனோ. நான் எப்படிப்பட்டவள் என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும். அவர் பாசத்தில் அந்த வாய்ப்பை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். முட்டி வலி என்று நாங்கள் எழுதினால், நாங்களும் பாசத்தில் உனக்கு அதையேதான் செய்வோம். நீ எப்படிப்பட்டவன் என்று தெரியாமலே ஆயுசு முழுக்க யோசித்துக்கொண்டிருப்பாய், என்னை மாதிரி. அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

உங்கப்பாவுக்கு முட்டி வலி இல்லை. நன்றாக நடக்கிறார். கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்ததும் ரெண்டு பேரும் பஸ் ஏறுகிறோம். பூவுக்கு நீ அலையவேண்டாம், டிசம்பர் பூவும் பூளையும் ஈரத்துணியில் சுற்றி நான் கொண்டுவருகிறேன், மஞ்சள் இலை மட்டும் வாங்கி வை. பன்னிரண்டரை மணிக்கு உன் வீட்டுக் கதவைத் தட்டுவோம், முன்வாசல் கதவைத்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் வருகிறோம். உள்ளே உன் மாமனார் நாற்காலியில் இருந்தபடி, யாருங்க வந்திருக்கறது என்று உன்னைக் கேட்பார். நீ என்ன சொல்கிறாய் என்பதை வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வருகிறோம்.

அம்மா